மலைச்சரிவில் வேளாண்மையும் ஆய்வும்: கந்தப்பளையை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் வீதியிலே, கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், கந்தப்பளை என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. தேயிலையை ஏற்றிச் செல்வதற்கென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நானுஓயாவிலிருந்து இராகலை வரை இடப்பட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதை இவ்வூரினூடாகவே சென்றது. 1948 இல் அப்பாதை மூடப்பட்டது. அதே ஆண்டிலேதான், குடியுரிமைச் சட்டத்தின் வாயிலாக, இம்மலைகளில் உழைத்த மக்களிற் பெரும்பாலானோர் நாடற்றவராக்கப்பட்டனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று அவ்வீதியில் நின்று எதிர்ச்சரிவை நோக்குவோர்க்கு ஒரே பார்வையிற் பல காட்சிகள் தென்படும். உச்சியிலே காடு, அதன் கீழே தேயிலை, தேயிலைக்கும் ஓடைக்கும் இடைப்பட்ட தாழ்விலே லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு என அடுக்கடுக்கான மரக்கறிப் பாத்திகள், அவற்றின் ஓரமாக லயன் கூரைகள்.

இவையாவும் ஒரே சரிவில் உள்ளவை. ஒரே மழையை ஏற்பவை. ஒரே ஓடையில் வடிபவை. தேயிலை மலையிலே கானு தூர்ந்துபோயின், அதன் விளைவு கீழுள்ள பாத்தியிலே மண்குவியலாகத் தெரியும். பாத்தியில் அளவிறந்து இடப்படும் பசளையும் தெளிக்கப்படும் கிருமிநாசினியும் ஓடையிற் கலந்து, அதற்குங் கீழே குடிநீர் பிடிப்போரைச் சென்றடையும். ஆய்வுலகிலோ இச்சரிவு பலவாகக் கூறுபோடப்பட்டுள்ளது. தேயிலைக்கு, 1925 இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும், சீத்தாஎலியவில் ஆய்வு நிலையத்தைக் கொண்டுள்ள விவசாயத் திணைக்களம் உண்டு. காட்டுக்கு வேறொரு திணைக்களம். ஆற்றுக்கு வேறோர் அதிகாரசபை. லயனில் வாழும் மனிதரின் சுகாதாரத்துக்கும் வீட்டுக்கும் மற்றும் சில நிறுவனங்கள். இவை ஒவ்வொன்றும் தத்தம் எல்லையினுள் பயனுள்ள பணி ஆற்றியுள்ளன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், காலையிலே பிரட்டுக்குச் சென்று, பகல் முழுவதும் கொழுந்து பறித்து, மாலையிலே ஓடைக்கரைப் பாத்தியில் மண்வெட்டி பிடிக்கும் ஒரு பெண்ணின் ஒரு நாளை முழுமையாகத் தன் ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் நிறுவனம் இவற்றுள் எதுவுமில்லை.

மலைப்பிரதேச வேளாண்மை நிலைபேறுடையதாக அமைய வேண்டுமாயின், அதற்கான ஆய்வு துறையிடை ஆய்வாகவும் பங்கேற்பு ஆய்வாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து கடந்த நான்கு பத்தாண்டுகளாக வலுப்பெற்று வந்துள்ளது. இவ்விரு தொடர்களும் இன்று அறிக்கைகளிலே தாராளமாகப் புழங்குவன. ஆதலின் அவற்றின் பொருளைச் சிறிது வரையறுத்துக்கொள்ளல் நன்று. மண்ணியலாளர் ஓர் அறிக்கையும், பூச்சியியலாளர் மற்றோர் அறிக்கையும், பொருளியலாளர் வேறோர் அறிக்கையும் எழுத, அவற்றை ஒரே அட்டைக்குள் கட்டிவிடுவது துறையிடை ஆய்வு ஆகாது. அவர்கள் ஒரே வினாவை வகுத்துக்கொண்டு, ஒருவர் முடிவை மற்றவர் திருத்தும் நிலைக்கு வருவதே துறையிடை ஆய்வு. அவ்வாறே, ஆய்வாளர் ஏற்கனவே தீர்மானித்த பரிசோதனைக்கு விவசாயியின் நிலத்தையும் உழைப்பையும் பெற்றுக்கொள்வது பங்கேற்பு ஆகாது. எதை ஆராய வேண்டும், எது வெற்றி, எது தோல்வி என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை நிலத்தில் உழைப்பவரிடமும் இருத்தலே பங்கேற்பு. கந்தப்பளை போன்றதோர் இடத்திலே இவ்வுரிமை நில உரிமையோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்துள்ளது என்பதும், நில உரிமை பற்றிய வினாவைத் தவிர்த்துவிட்டுப் பேசப்படும் பங்கேற்பு வெறும் சடங்காகவே முடியும் என்பதும் நமது கருத்தாகும்.

முதலில் மலை என்பதன் தனித்தன்மையை நோக்குவோம். கத்மந்துவில் 1983 இல் அமைக்கப்பட்ட ஒருங்கிணைந்த மலை அபிவிருத்திக்கான சர்வதேச நிலையத்திற் பணியாற்றிய பொருளியலாளர் என். எஸ். ஜோதா, சமவெளிக்கென வகுக்கப்பட்ட வேளாண்மைத் திட்டங்கள் மலையிலே தோல்வியுறுவதற்குக் காரணம், மலைகளுக்கே உரிய இயல்புகளைத் திட்டமிடுவோர் கருத்திற்கொள்ளாமையே என வாதிட்டார். எளிதிற் சென்றடைய முடியாமை, எளிதிற் சிதைவுறும் நிலம், அதிகார மையங்களினின்றும் ஒதுக்கப்பட்டிருத்தல், சிறு தூரத்துக்குள்ளேயே காணப்படும் பெரும் வேறுபாடு ஆகியன அவர் சுட்டியவற்றுள் முக்கியமானவை. இறுதியாகக் கூறிய வேறுபாடு கந்தப்பளையிற் கண்கூடு. தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளிலே, குளிர்காற்று தேங்கும் பள்ளத்திலுள்ள தேயிலை கருகிப்போக, அதற்குச் சற்று மேலேயுள்ள சரிவு பசுமை மாறாது நிற்பதைக் காணலாம். எந்தப் பள்ளத்திலே பனி கொட்டும், எந்த மேட்டிலே ஊற்று எப்போது வற்றும் என்பவை அம்மலையில் ஆண்டுக்கணக்கில் நடந்தவர்க்குத் தெரிந்த செய்திகள். எந்த வரைபடத்திலும் அவை குறிக்கப்படுவதில்லை.

இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்பதால் நேரும் இடர்ப்பாட்டுக்கு ஓர் உதாரணம் தரலாம். சரிவு நிலத்திலே சமவுயரக் கோடுகளின்மீது பயற்றினத் தாவரங்களை வேலியாக நட்டு, மண்ணைத் தடுத்து, அவற்றின் தழையைப் பசளையாக இடும் முறை 1970களிலே பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோத் தீவிற் செம்மைப்படுத்தப்பட்டது. இலங்கையின் மத்திய உயரப் பகுதிகளில் இம்முறைக்குக் கிளிரிசிடியா (சீமைக்கிளுவை) பெரிதும் பயன்பட்டது. கண்டியைச் சூழ்ந்த சரிவுகளுக்கு அது பொருந்தும். ஆனால் அத்தாவரம் வெப்பத்தை விரும்புவது. கந்தப்பளையின் குளிரிலே செழிப்பதில்லை. ஆகவே முறையின் தத்துவம் சரியெனினும், அதனை நிறைவேற்றும் செடி எது என்பதை அவ்வுயரத்திலேயே, அந்நிலத்தில் வேலை செய்வோரோடு சேர்ந்தே கண்டறிதல் வேண்டும்.

துறைகள் தனித்தனியே இயங்குவதால் விளையும் தீங்கு நம் மலைநாட்டு வரலாற்றுக்குப் புதிதன்று. 1869 இல் இலங்கைக் கோப்பிச் செடிகளிலே துருநோய் காணப்பட்டது. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அதனை ஆராய்ந்த இளந் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், நோய்க்குக் காரணமான பங்கசின் வித்திகள் காற்றினாற் பரவுவதையும், மைல் கணக்கில் இடைவெளியின்றிக் கோப்பி ஒன்றே பயிரிடப்பட்டமை அப்பரவலுக்குத் துணைபோனமையையும் எடுத்துக்காட்டினார். கோப்பி அழிந்தது. தோட்ட முதலாளித்துவமோ வார்டின் நோயியலை ஏற்று, அவரது ஆய்விற் பொதிந்திருந்த சூழலியலை ஏற்காது விட்டது. கோப்பி நின்ற அதே சரிவுகளிலே, அதே முறையில், இடைவெளியின்றித் தேயிலை நடப்பட்டது.

மற்றோர் உதாரணம் தேயிலை ஆராய்ச்சியின் உள்ளிருந்தே கிடைக்கின்றது. தேயிலையின் இலைசுருட்டிப் புழுவைக் கட்டுப்படுத்துவதற்கென 1930களின் நடுப்பகுதியிலே ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அக்குளவி இங்கு நிலைபெற்றுப் பெருகி, புழுவை அடக்கிவைத்தது. உயிரியற் கட்டுப்பாட்டின் வரலாற்றிலே இஃது ஒரு பெருவெற்றி. பின்னர் 1950களிலே, தண்டு துளைக்கும் வண்டை ஒழிப்பதற்கென டீல்ட்றின் என்னும் மருந்து தெளிக்கப்பட்டது. அது வண்டை மாத்திரமன்றிக் குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டுந் தலைதூக்கியது. ஒரு பூச்சியை மட்டும் நோக்கிய கண்ணுக்கு மற்றப் பூச்சி தென்படவில்லை. தெளிகருவியை முதுகிற் சுமந்து சென்ற தொழிலாளியின் உடலுக்கு அம்மருந்து என் செய்தது என்ற வினாவோ அன்று பூச்சியியலின் எல்லைக்குள்ளேயே வராத வினா.

பங்கேற்பு ஆய்வுக்கு வருவோம். இதன் பிறப்பும் மலைப்பிரதேசத்தோடு, அதிலும் உருளைக்கிழங்கோடு தொடர்புடையது என்பது கந்தப்பளை வாசகர்க்குச் சுவை பயக்கலாம். பேரு நாட்டின் லீமா நகரில் அமைந்த சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம், அந்தீஸ் மலை விவசாயிகளின் சேமிப்பு முறையைச் சீர்திருத்த எண்ணி, 1970களின் பிற்பகுதியிலே தொழில்நுட்பவியலாளரையும் மானிடவியலாளரையும் ஒரே குழுவாக அனுப்பியது. சேமிப்பிலே கிழங்கு சுருங்கியும் பழுதுற்றும் போவதே பிரச்சினை எனத் தொழில்நுட்பவியலாளர் கருதியிருந்தனர். வீட்டுப் பெண்களோ அதனை இழப்பாகவே எண்ணவில்லை. பழுதுற்றது பன்றிக்குப் போகும். சுருங்கியது இனிப்புக் கூடியிருக்கும் என்றனர். அவர்களை வருத்தியது வேறொன்று: புதிதாக அறிமுகப்படுத்தப்பட்ட இனங்களின் விதைக்கிழங்கு இருட்டறையிலே நீண்ட முளைகளை விட்டு, நடுகைக்கு முன் அம்முளைகளை ஒடித்தெறிய வேண்டியிருந்தமை. இதன் பின்னரே ஆய்வு தன் வினாவை மாற்றிக்கொண்டது. விதைக்கிழங்கை நேர்வெயில் படாது, பரவிய ஒளியில் வைப்பின் முளை குறுகியும் பசுமையாகவும் உறுதியாகவும் அமையும் என்னும் உண்மை பயன்படுத்தப்பட்டது. விவசாயிகள் ஆய்வு நிலையத்தின் மாதிரிக் கட்டடத்தை அப்படியே பின்பற்றினாரல்லர்; வீட்டுத் தாழ்வாரத்திலும் கூரையடியிலும் தமக்கேற்றவாறு தட்டுகள் அமைத்துக்கொண்டனர். மானிடவியலாளர் றொபேட் றோட்சும் தொழில்நுட்பவியலாளர் றொபேட் பூத்தும் 1982 இல் இவ்வனுபவத்தை ஒரு கோட்பாடாக வகுத்து, ஆய்வு விவசாயியிடம் தொடங்கி விவசாயியிடமே முடிதல் வேண்டும் என்றனர். பரவிய ஒளியில் விதைக்கிழங்கைச் சேமிக்கும் முறை பின்னர் இலங்கையின் மலைநாடு உட்பட வேறு நாடுகளுக்கும் பரவியது.

ஏறத்தாழ இக்காலத்திலேயே நம் பிராந்தியத்திலும் இத்தகைய தேடல்கள் நிகழ்ந்தன. 1970களின் முற்பகுதியிலே கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களையும் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தையும் சேர்ந்தோர், தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டிலும் இலங்கையின் தென்கிழக்கிலும் நெற்செய்கை மாற்றத்தைப் பல துறைகள் கூடி ஆராய்ந்தனர். அதிற் பங்குகொண்ட றொபேட் சேம்பர்ஸ், கிராமத்துக்குச் செல்லும் ஆய்வாளர் எவ்வாறு தார்வீதியோரத்தை மட்டுமே கண்டு, வசதிபடைத்தோரிடமும் ஆண்களிடமும் மட்டுமே பேசி, மழையற்ற காலத்தில் மட்டுமே சென்று திரும்புகின்றனர் என்பதை 1983 இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். 1980களின் தொடக்கத்திலே கல்லோயா இடதுகரையில், அதே கமநல நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் ஒழுங்கமைப்பாளரை விவசாயிகளிடையே வாழவைத்தன. நீர்ப் பங்கீட்டிலே பிணக்குகளுக்குப் பேர்போன அவ்விடத்திலே, விவசாயிகள் தாமே குழுக்களாகி, கானைத் துப்புரவாக்கி, கடைவாய்க்காலுக்கும் நீர் சென்றடையச் செய்தனர். நோர்மன் அப்ஹொஃப் இவ்வனுபவத்தை விரிவாக எழுதியுள்ளார்.

இவ்வுதாரணங்களைப் படிப்போர், இவற்றையே கந்தப்பளையிலும் செய்யலாமே என எண்ணக்கூடும். இங்கேதான் நாம் சற்றுத் தயங்கி நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. அந்தீஸ் விவசாயிக்குத் தன் கிழங்கை எங்கே வைப்பது எனத் தீர்மானிக்கும் உரிமை இருந்தது. கல்லோயா விவசாயிக்கு, கைப்பற்றிய அளவு எத்துணை சிறிதாயினும், ஒரு வயற்காணி இருந்தது. தேயிலைத் தோட்டத்திலே வாழும் தொழிலாளிக்கு எது உண்டு? அவர் பறிக்கும் தேயிலை கம்பனியினுடையது. அவர் பயிரிடும் பாத்தி தோட்ட நிர்வாகம் பொறுத்துக்கொள்ளும்வரை அவருடையது. சிலர் கிராமத்தவரிடம் ஒரு போகத்துக்கெனக் குத்தகைக்கு எடுத்துச் செய்வர். இன்னும் பலர் பிறர் மரக்கறித் தோட்டத்திலே நாட்கூலிக்குச் செல்வர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுக்கு மாற்றியது. 1992 இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. இரு தடவையும் நிலம் கைமாறியது; இரு தடவையும் அதில் உழைத்தோரின் கைக்கு அது வரவில்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடுவதற்கு இருந்த சட்டத்தடையே 2018 இல்தான் திருத்தப்பட்டது. கமக்காரர் அமைப்புகளும் பசளை மானியமும் பதிவுபெற்ற விவசாயிக்கு உரியவை. பதிவுபெறுவதற்குக் காணி வேண்டும். ஆக, சட்டத்தின் பார்வையிலே கந்தப்பளைத் தோட்டத்து மரக்கறிச் செய்கையாளரிற் பலர் விவசாயிகளே அல்லர்.

இதனால் வேளாண் அறிவுரை எவ்வாறு பொருளற்றுப் போகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உருளைக்கிழங்கைத் தாக்கும் கூட்டுப்புழு எனப்படும் நுண்புழு மண்ணிலே பல்லாண்டுகள் உயிர்வாழ வல்லது. நீலகிரியில் இது 1961 இல் கண்டறியப்பட்டது. நுவரெலியா மண்ணிலும் பின்னர் காணப்பட்டது. இதற்கும், கிழங்கை வாடச்செய்யும் பற்றீரியா நோய்க்கும், கோவாவின் வேர்முடிச்சு நோய்க்கும் அறிவியல் கூறும் முதன்மையான பரிகாரம் பயிர்ச்சுழற்சியே. மூன்று நான்கு ஆண்டுகள் அந்நிலத்தில் அப்பயிரை நடாதிருத்தல் வேண்டும். ஒரு போகக் குத்தகைக்காரரிடம் இதைக் கூறினால் அவர் சிரிப்பார். அடுத்த போகத்திலே அந்நிலம் அவருடையதன்று. கடன் தந்த வியாபாரிக்கு எப்பயிர் வேண்டுமோ அப்பயிரே நடப்படும். கல்லடுக்கிப் படிமுறை அமைப்பதும் அவ்வாறே. அதன் பலன் கிட்டச் சில ஆண்டுகளாகும். 1951 ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் நிலத்தைப் பேணாதவர் மீது நடவடிக்கைக்கு வழிசெய்தது. நிலத்தைப் பேணுவதற்கான நிலையான உரிமையை உழைப்பவர்க்கு வழங்குவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. இதற்கிடையே மகாவலியின் மேல் நீரேந்துப் பிரதேசத்து மண் ஆற்றோடு சென்றுகொண்டேயிருந்தது. 1976 இல் செயற்படத் தொடங்கிய பொல்கொல்ல நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் 44 வீதம் 1988 அளவிலேயே வண்டலால் நிரம்பிவிட்டதென மதிப்பிடப்பட்டது. இதற்கு உருளைக்கிழங்குச் செய்கையாளரையும் பராமரிப்பற்ற தேயிலை நிலத்தையும் மாறிமாறிக் குறைகூறுவது எளிது. மண்ணரிப்பை அளப்பவர் குத்தகை ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும் என்பதே துறையிடை ஆய்வின் உட்பொருள்.

சந்தையும் இவ்வாறே. 1960களின் பிற்பகுதியிலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலிலே வளர்ந்த உருளைக்கிழங்குச் செய்கை, 1990களின் நடுவில் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் நிலைகுலைந்தது. அவ்வேளை கடனிற் சிக்கிய குடும்பங்களுக்குப் புதிய இனமொன்றைப் பற்றிய துண்டுப்பிரசுரம் என்ன ஆறுதலைத் தந்திருக்க முடியும்?

2021 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள், மக்களைக் கேளாது மேலிருந்து விதிக்கப்படும் 'நிலைபேறு' என்னவாகும் என்பதற்கு ஒரு பெரும் பரிசோதனை போன்று அமைந்தன. அவ்வாண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளைகளின் இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. நவம்பர் மாதத்திலே தடை விலக்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோகிராமாகக் குறைந்தது. பொருளாதார நெருக்கடியும் எரிபொருள் இன்மையும் இதிற் பங்குகொண்டன என்பது உண்மை. எனினும் பசளையின்றி வாடிய தேயிலையின் பங்கே பெரிது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. இரசாயனப் பசளையின் மிகைப் பயன்பாடு பற்றிய கவலை பொய்யானதன்று. நுவரெலியா மரக்கறி மண்ணிலே பொசுபரசு தேவைக்கு மேலாகச் சேர்ந்துள்ளமை ஆய்வுகளாற் காட்டப்பட்டதே. ஆனால் பசளையைக் குறைக்க வேண்டிய பாத்தியும், குறைப்பின் மடிந்துபோகும் தேயிலை மலையும் ஒரே சரிவிலே, ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. கொழும்பிலிருந்து எழுதப்பட்ட ஒற்றை வரி இரண்டையும் ஒன்றாகவே நடத்தியது.

இவ்விடயத்திலே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டயரில் ஆண்டுக்கு 2,000 கிலோகிராம் ஆயத்தத் தேயிலை பெறப்படுகின்றது எனக் கொள்வோம். அதன் நிறையில் ஏறத்தாழ 4 வீதம் நைதரசன். ஆகவே, கொழுந்தோடு 80 கிலோகிராம் நைதரசன் அம்மலையை விட்டு நீங்குகின்றது. நூற்றுக்கு 46 பங்கு நைதரசனுடைய யூரியாவினால் இதனை ஈடுசெய்ய ஏறத்தாழ 175 கிலோகிராம் போதும். 1.5 வீத நைதரசனுள்ள கூட்டெருவாயின் 5,300 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். இடப்படுவது முழுவதும் செடியைச் சேர்வதில்லையாதலின் இரண்டும் குறைந்த மதிப்பீடுகளே. இப்போது இந்நிறையைச் சரிவின்மீது ஏற்றுவோம். ஒரு சுமை 25 கிலோகிராம் எனின், யூரியா 7 சுமை. கூட்டெரு 210க்கு மேற்பட்ட சுமை. இச்சுமையைத் தூக்கப்போவது யார்? அதற்கு எத்தனை பேர் போடப்படும்? கொழுந்து பறிக்கும் நாட்களினின்றும் அவை கழிக்கப்படுமா? மண்வேதியியல் தரும் விடை இந்த இடத்தில் கூலிக் கணக்காக உருமாறுவதைக் காண்கின்றோம். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, பல தோட்டங்களிலே பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையும் உடன் உயர்த்தப்பட்டமை தெரிந்ததே. நிறை உயரும்போது கை முற்றிய இலையையும் பறிக்கின்றது. செடியின் நலமும் தேயிலையின் தரமும் அதனாற் பாதிக்கப்படுகின்றன. சம்பளப் பேச்சுவார்த்தையும் ஒரு வேளாண்மைச் செயலே என்று நாம் கூறுவது மிகைக்கூற்றாகாது.

கூட்டெருவைப் பற்றி நாம் அவநம்பிக்கை கொண்டோம் எனக் கருதலாகாது. தேயிலையை மீள்நடுகை செய்யுமுன் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து மண்ணைத் தேற்றும் முறையை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக விதந்துரைத்து வருகின்றது. அதன் பயனைத் தொழிலாளரும் நன்கறிவர். கவ்வாத்து வெட்டிய கிளைகளை விறகுக்கு எடுத்துச் செல்லாது மலையிலேயே விட்டால் மண் வளம்பெறும் என்பதும் மறுக்கவியலாதது. ஆனால் லயனிலே அடுப்பெரிக்க வேறு வழியில்லாதவளிடம் அக்கிளைகளை விட்டுவிடு என்பது எவ்வாறு? மண் வளம், எரிபொருள், பெண்ணின் நேரம் ஆகிய மூன்றும் ஒரே கிளையிலே தொங்குகின்றன. இம்மூன்றையும் ஒருங்கே எடுத்துக்கொள்ளும் ஆய்வே நாம் வேண்டுவது.

இனி, இத்தகைய ஆய்வு கந்தப்பளையிலே நடைபெறுமாயின் அதன் நடைமுறை பற்றிச் சில சொல்லல் வேண்டும். சேம்பர்ஸ் சுட்டிய தார்வீதிச் சார்பு இங்கே இன்னொரு வடிவம் பெறுகின்றது. ஆய்வாளர் முதலில் துரையின் பங்களாவுக்குச் செல்வார். அங்கிருந்து கணக்கப்பிள்ளையோ கங்காணியோ அவரை லயனுக்கு அழைத்துச் செல்வார். அங்கே தொழிற்சங்கத் தலைவர் பேசுவார். மாலை நான்கு மணிக்குக் கூட்டம் எனின் ஆண்கள் வருவர். அந்நேரம் பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு விறகோடு திரும்புவர். தேயிலையையும் பாத்தியையும் ஒருங்கே அறிந்தவர்கள் அவர்களே. நிர்வாகத்தின் முன்னிலையிலே, கானு ஏன் தூர்ந்தது என்ற வினாவுக்கு உண்மையான விடை கிடைக்கும் என எதிர்பார்ப்பதும் பேதைமை. ஆய்வின் மொழி பற்றியும் சிந்திக்க வேண்டும். இச்சரிவின் கீழ்ப்பகுதியிற் சிங்கள விவசாயிகளும் உளர். மேலே தமிழ்த் தொழிலாளர். ஒரே ஓடையைப் பயன்படுத்தும் இவ்விரு சாராரும் ஒரே பாயில் அமர்ந்து பேசும் வாய்ப்பை எந்தத் திணைக்களமும் ஏற்படுத்தியதில்லை. ஆய்வுக்குழுவில் இருமொழியும் அறிந்தோர் இருப்பதும், குறிப்பேடு இரு மொழியிலும் எழுதப்பட்டு அவர்களிடமே இருப்பதும் இன்றியமையாதன.

றோட்ஸே பிற்காலத்தில், பங்கேற்பு என்பது நிதி பெறுவதற்கான சொல்லாகிவிட்டதையும், நீரேந்துப் பிரதேசங்களில் அது ஓர் இயந்திரச் சடங்காக மாறுவதையும் கண்டு எச்சரித்தார். நம் மலைநாட்டுக்கு இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். அண்மைக் காலத்திலே சில கம்பனிகள் தேயிலை நிலத்தைத் துண்டுகளாகத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தை நிறுத்து வாங்கும் முறையைக் கைக்கொண்டுள்ளன. இதனையும் பங்கேற்பு என்றே அழைப்பர். பராமரிப்பும் இடரும் குடும்பத்தினுடையவை. நிலத்தின் உறுதியும் கொழுந்தின் விலையும் கம்பனியினுடையவை. அக்குடும்பம் அத்துண்டிலே தேயிலைக்கு இடையே வேறொன்றை நடத் துணியுமா, கிரவில்லியா நிழல்மரத்தை வெட்டவோ வளர்க்கவோ தீர்மானிக்குமா என்பதைக் கேட்டுப் பார்த்தால் அப்பங்கேற்பின் ஆழம் புலப்படும். வீட்டுக்கென ஏழு பேர்ச்சஸ் நிலமும் உறுதியும் வழங்கும் திட்டம் ஒரு தொடக்கமே. ஏழு பேர்ச்சஸில் வீடு அமையும், பயிர்ச்சுழற்சி அமையாது.

மண்சரிவு இவ்விடயத்துக்கு அவசரத்தைத் தருகின்றது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலே மலைநாடெங்கும் சரிவுகள் பெயர்ந்து உயிர்களைக் காவுகொண்டன. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அகலாமைக்குக் காரணம் அறியாமை என்பாருளர். அகன்று செல்வதற்கு வேறு நிலம் அவர்க்கு இல்லை என்பதே நேரிய விடை.

எங்கிருந்து தொடங்குவது என வினவுவோர்க்கு நாம் ஒரு சிறு யோசனையை முன்வைக்கலாம். தேயிலைத் தோட்டங்களிலே நாள்தோறும் மழை அளக்கப்பட்டுக் காரியாலயப் புத்தகத்திற் பதியப்படுவது நெடுங்கால வழக்கம். கந்தப்பளையைச் சூழ்ந்த தோட்டங்களில் அத்தகைய பதிவுகள் பல பத்தாண்டுகளுக்கு உரியவையாக இருத்தல் கூடும். அப்புத்தகம் இருக்கும் காரியாலயத்துக்கு இருநூறு யார் கீழே கரட் விதைக்கும் பெண் அதனை ஒருபோதும் கண்டதில்லை. அவள் பாத்தியிலே எந்த மழைக்கு எவ்வளவு மண் இறங்கியது என்பதைக் காரியாலயமும் கேட்டதில்லை. அப்புத்தகத்தின் பிரதியொன்றைப் பிரட்டுக்களத்திலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்து, அதனருகே மண் இறங்கிய நாட்களையும் கானு உடைந்த இடங்களையும் பனி கொட்டிய பள்ளங்களையும் அவளும் அவளோடொத்தோரும் குறிப்பதற்கு ஒரு பலகையை நாட்டினால், செலவு ஒரு பலகையும் ஒரு பெட்டி வெண்கட்டியும். அதன் முதற் பக்கத்தைப் படிப்பதற்கு மண்ணியலாளரும் பொருளியலாளரும் சேர்ந்தே வரவேண்டியிருக்கும்.